ஆறு தினுசு திருப்புளி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், முழங்கால் வலி முடிந்த கையோடு அந்தக் காலத்துச் சாமான்களின் பெருமை ஆரம்பித்துவிடுகிறது. அன்றைய இரும்புதான் இரும்பு, இன்றைக்கு வருவதெல்லாம் தகரம் என்று தலையை ஆட்டிக்கொள்கிறோம். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டி இரும்பை விற்பதற்கு ஒரு கடை கிடைப்பதற்குள் ஒரு குடும்பமே ஆட்டம் கண்ட கதை உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும், எங்கள் குடும்பம்தான் அது. திருவனந்தபுரத்தில் சாலை என்ற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். நான் அஞ்சாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த மாநிலத்தை மறுபடி எப்படிப் பிரிப்பது என்று பெரியவர்கள் டீக்கடைகளில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம்.

அப்பா சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தாவாக இருந்தார். முதலாளி இறந்தார், பிள்ளைகள் கடையை மூடினார்கள், அப்பா வீட்டில் உட்கார்ந்தார். அப்புறம் மெட்ராஸில் மெக்கானிக்குகளின் கைச்சாமான் விற்கிற ஒரு கம்பெனி, திருவிதாங்கூர்ப் பக்கம் டீலர் பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தது. அப்பா அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு இங்கிலீஷ் கடிதம் எழுதினார். வேலை கிடைத்தது. முழு வேலை என்று சொல்ல முடியாது. சித்திரைக்குள் நாலு ஊரில் நாலு டீலர் பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மாதிரிச் சாமானைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது பேச்சு.

மாதிரிச் சாமான் திரும்பிப் போனால் நாங்களும் நாகர்கோவிலுக்குப் பெரியப்பா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வீட்டில் பெண்பிள்ளைகள் அஞ்சாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட வேண்டும். பெரியப்பாவின் மூன்று மகள்களும் மூடியிருந்தார்கள். மூத்த அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் வடகம் காயப்போட்ட பழைய செய்தித்தாளைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வருஷம் டீலர் என்ற சொல்லுக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான். நாலு டீலர் கிடைத்தால் ஆறாம் வகுப்பு.

டீலர் என்றால் யார் என்பது வேறு விஷயம். டீ விற்கிறவர் என்று நினைத்தேன். ஸ்பேனரை விற்க டீக்கடைக்காரரை ஏன் தேடுகிறார்கள் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

மாதிரிச் சாமான் பச்சைக் கித்தான் சுருளில் வந்தது. கயிற்றை அவிழ்த்துத் தரையில் விரித்தால் வரிசையாகப் பைகள், ஒவ்வொரு பையிலும் எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு சாமான். திறந்த வாய் ஸ்பேனர், வட்ட வாய் ஸ்பேனர், குறடு, சிறிதும் பெரிதுமாக ஆறு திருப்புளி. திருப்புளி என்பது அப்பாவின் நாஞ்சில்நாட்டுப் பேச்சு. திருவனந்தபுரத்திலேயே பிறந்து பத்தாம் கிளாஸ் வரை மலையாளத்தில் படித்த அம்மாவுக்கு அது ஸ்க்ரூ டிரைவர். அந்த எண்ணெய்க் காகித வாசனை எனக்குப் பள்ளிக்கூடப் புதுப் புத்தக வாசனையைவிடப் பிடித்துப்போயிற்று.

வட்ட ஸ்பேனரின் உள்வாயில் விரலை விட்டு மூலைகளை எண்ணினேன். பன்னிரண்டு.

"அப்பா, நட்டுக்கு ஆறு மூலதானே இருக்கு? இதுக்கு எதுக்குப் பன்னெண்டு?"

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா? சும்மாவா வைப்பான்?"

அப்பாவிடம் அந்தச் சாமான்களைப் பற்றி எது கேட்டாலும் இந்த ஒரே பதில்தான். பாவம், அவர் கை பட்டுச்சேலை மடித்த கை. நான் அடிக்கோலை எடுத்து வந்தேன். ஒரு ஸ்பேனரில் ஒன்றுக்குக் கீழே ரெண்டு போட்டு அரை என்று கொத்தியிருந்தது. அதன் வாயை அளந்தால் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கால் என்று போட்டிருந்தது அரையையும் தாண்டியது. இதையும் சொன்னேன். கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா என்றார்.

சரி, இந்த வாய்களுக்குப் பொருந்துகிற நட்டு இந்த ஊரில் எங்கேதான் இருக்கிறது என்று நானே தேடப் போனேன். சின்ன ஸ்பேனர் ஒன்று என் சிலேட்டுப் பையிலேயே கிடந்தது. சைக்கிளில் வைத்துப் பார்த்தேன், எதிர்க்கடை தையல் மிஷினில் வைத்துப் பார்த்தேன், பள்ளிக்கூட ஊஞ்சலில் வைத்துப் பார்த்தேன். எதிலும் உட்காரவில்லை. கடைசியில் சந்து முனைத் தெருக்குழாயின் அடியில் நாலு நட்டு இருப்பது கண்ணில் பட்டது. வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். ஒன்று டக்கென்று அச்சாகப் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததைத் திருகாமல் எப்படி இருப்பது? அரைத் திருகு திருகினேன். குழாய் சீறிக்கொண்டு தண்ணீரை எதிர்வீட்டுக் கொடித்துணி வரைக்கும் அடித்தது.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா சேந்துதா பிள்ளே?" என்று கேட்டார்.

"அச்சா சேந்துதுப்பா."

அவர் முகம் தெளிந்ததை நான் மறக்கவில்லை. அந்தச் சாமான் எதற்காவது பொருந்தும் என்பது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது போலிருக்கிறது.

அப்பா முதலில் போனது சாலையில் உள்ள இரும்புக்கடைகளுக்கு. பெரிய கடை, பெரிய போர்டு, பெரிய முதலாளி என்றால் அவருக்கு ஒரு மரியாதை. இரும்புச் சாமானை இரும்புக்கடையில்தானே விற்க வேண்டும் என்ற கணக்கு. கோட்டு மாட்டிக்கொண்டு, சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலையில் போவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு நாள் அப்படி ஒரு கடையில் அவரைப் பார்த்தேன். திருநெல்வேலிக்கார முதலாளி. ஆணிச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வே, இங்க வருதவன் ஆணி கேப்பான், கீல் கேப்பான், மம்பட்டி கேப்பான். மெக்கானிக்கு எவன் வருதான்? அவன் மூஞ்சியவே நான் பாத்ததில்ல."

"அப்ப மெக்கானிக்கு எங்க வாங்குவான் அண்ணாச்சி?"

"அத நீருல்லா கண்டுபிடிக்கணும்? அதுக்குத்தானவே உமக்கு வேல குடுத்திருக்கான்."

சரியான கேள்வியைத்தான் அவர் திருப்பிப் போட்டார். மெக்கானிக் எங்கே வாங்குகிறான்? அன்றிரவு முழுக்க இதே கேள்வி என் தலைக்குள்ளும் ஓடிற்று. அரிசி விற்கிறவர் தெரியும், தாம்புக்கயிறு விற்கிறவர் தெரியும். ஊரில் இத்தனை லாரி, இத்தனை பஸ் ஓடுகிறது. அவற்றைக் கழற்றி மாட்டுகிறவர்களின் கையில் இருக்கிற ஸ்பேனர் எந்தக் கடையில் தொங்கிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

கிழக்கே கோட்டைப் பக்கம் லாரி உதிரிச் சாமான் விற்கிற ஒரு கடைக்காரர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். பக்கத்து ஒர்க்ஷாப் மேசிரி நல்லது என்று சொன்னால் வைக்கிறேன் என்றார். அன்று சனிக்கிழமை, நானும் கூடப் போயிருந்தேன். மேசிரி, உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த ஒரு பட்டாளத்து லாரியின் அடியில் படுத்திருந்தார். எழுந்து வந்து, கையைத் துடைத்து, அரை போட்ட ஸ்பேனரை எடுத்து லாரியில் ஒரு நட்டில் வைத்தார். அது செருப்புக்குள் குழந்தையின் கால் மாதிரி ஆடிற்று.

"சாரே, இதுல அரைன்னு கொத்தியிருக்கு. இதா, இது அரை நட்டு. ரெண்டும் தம்மில் ஒரு பந்தமும் இல்ல. இது கள்ளச் சாமானாணு."

"மெட்ராஸ் கம்பெனி மேசிரி, கள்ளச் சாமான் வராது."

"கம்பெனி எவிடத்தெ ஆனா என்னா? நட்டுக்குக் கம்பெனி தெரியுமோ சாரே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா ஒவ்வொன்றையும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிச் சுற்றி உள்ளே வைத்தார். வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார். வீட்டுச் சந்து வந்ததும் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"மேசிரி சொன்னது நெசம்தான்ப்பா. நான் அடிக்கோல் வச்சு அளந்தேன்."

"எப்ப அளந்த?"

"வந்த அன்னைக்கே. அப்பவே சொன்னேனே. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதான்னு சொன்னிய."

அவர் நின்று என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினார். அளவுகள் எல்லாம் சரியானவையே என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஏன் சரி, எப்படிச் சரி என்று சொல்ல அந்த மெட்ராஸ் ஆபீஸில் யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இன்னும் ரெண்டு வரி எழுதியிருந்தால் அப்பா அந்த மாசமெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்திருக்க வேண்டாம்.

கள்ளச் சாமான் என்ற பேச்சு சாலை முழுக்கப் போய்விட்டது. திருவனந்தபுரத்தில் இனி வழியில்லை, வெளியூருக்கு கார்டு எழுதலாம் என்று அம்மாதான் சொன்னாள். சாலையிலிருந்து வெளியூர்க் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற லாரி ஆபீஸ் குமாஸ்தா அப்பாவுக்கு வேண்டியவர். அவர் நெடுமங்காடு, ஆற்றிங்கல், காட்டாக்கடை, வித்துரா என்று கடைகளின் விலாசத்தை எழுதிக்கொடுத்தார். எந்தக் கடை என்ன விற்கிறது என்று அந்தத் தாளில் இல்லை. அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், எழுத்துக்கூட்டி வாசிப்பார், எழுத வராது. அம்மா மலையாளத்தில் ஒரு வாசகம் எழுதினாள். பாதிக் கார்டுகளை அவளே எழுதி முடித்தாள். மீதியை, பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற என்னிடம் கொடுத்து, பார்த்து அப்படியே எழுது என்றாள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

இங்கேதான் நீங்கள் மலையாள எழுத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அம்மாவின் வாசகத்தில் ஸ்க்ரூ டிரைவர் என்று இருந்தது. அந்த ஸ்க்ரூ இருக்கிறதே, அது ஒரே கூட்டெழுத்து. ஸ மேலே, க அதன் கீழே, ர அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலில் ஒரு சுழி வேறு. தொட்டெழுதுகிற பேனாவில் நான் அதை எழுதப்போனால் மை ஊறி ஒரு கறுப்பு உருண்டையாகிவிடும். ரெண்டு கார்டைக் கெடுத்தேன். மூன்றாவதைக் கெடுத்தால் முதுகு தாங்காது. அப்பா வாயில் தினமும் வருகிற சொல் ஒன்று இருக்கிறதே, அதை எழுதினால் என்ன என்று தோன்றிற்று. திருப்புளி. என்ன அழகான, லேசான எழுத்துகள். மலையாளத்தில் உருட்டி உருட்டி எழுதினேன். ஸ்பேனர், குறடு, உயர்ந்த தரம் திருப்புளி ஆறு தினுசு, மொத்தமாகக் கிடைக்கும். என் பங்குக் கார்டு எல்லாவற்றிலும் அப்படியே எழுதி, காய்ந்ததும் அடுக்கி, நானே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமாகவே எனக்குப் படவில்லை.

பதில் வராமலே மாசி போயிற்று. பங்குனித் திருவிழாவுக்குப் பெரியப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அப்போதுதான் முதல் பதில் வந்தது, வித்துராவிலிருந்து. பெரியப்பாவுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே சத்தமாக வாசித்தார்.

"தங்கள் கார்டு கிட்டி. திருப்புளி ஆறு தினுசிலும் இரண்டு மூட்டை வீதம் உடனே அனுப்பவும். குடம்புளி வேண்டாம்."

வாசித்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஏலே, நீ இரும்பு விக்கியா, புளி விக்கியா? மலையாளத்தான்கிட்ட போயித் திருப்புளின்னு எழுதினா அவனுக்கு என்னலே தெரியும்? எவன் எழுதினான் இத?"

அப்பா திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. பிறகு கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள்.

"நாந்தான் எழுதினேன்."

"பத்தாம் கிளாஸ் படிச்ச லட்சணம் பாத்தியா?" என்றார் பெரியப்பா. அவருக்கு இப்போது சிரிப்பு போய்விட்டது. "இதுக்குத்தான் நான் சொல்லுகேன், பொட்டப்பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரிஞ்சா போதும்னு. சித்திரை பொறந்ததும் சுருளக் கெட்டி அனுப்பிட்டு ஊரு வந்து சேரு. இந்தப் பிள்ளையும் படிச்சது போதும்."

நான் வாயைத் திறக்கவில்லை. உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பயம். நான் என்று சொன்னால் அந்த நிமிஷமே என் புத்தகப்பை பரணுக்குப் போய்விடும் என்று தெரியும். அம்மாவுக்கும் அது தெரிந்துதான் முந்திக்கொண்டாள் என்பது எனக்கு விளங்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு, தப்பித்தோம் என்று மட்டும் நினைத்தேன். அப்பா அம்மாவிடம் அதிகம் பேசவில்லை. "ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியப்பா ஊருக்குப் போனதும் அம்மா அப்பாவிடம் பேச்சை எடுத்தாள்.

"தப்பாப் போன கார்டுக்கு இன்னொரு கார்டு எழுதினா நாணக்கேடு. நேர்ல போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. போறது போறிய, அந்தச் சுருளையும் எடுத்துக்கிடுங்க."

"பலசரக்குக் கடைக்காரன்கிட்டப் போயி ஸ்பேனரக் காட்டவா?"

"காட்டினா கொறஞ்சா போயிருவிய? பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. மலையாளத்துல ஏதாவது எழுத வேண்டி வந்தா ஒரு ஆளு வேணும்லா."

அடுத்த சனிக்கிழமை கிழக்கே கோட்டையில் பஸ் ஏறினோம். மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா ஒரு துணித் துண்டில் புளி உருண்டை கட்டிக் கொடுத்திருந்தாள், குமட்டினால் வாயில் போட. நெடுமங்காடு தாண்டி நான் அதை எடுத்துச் சப்ப ஆரம்பித்ததும் அப்பா அதைப் பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நாளில் அவர் கண்ணில் படக்கூடாத ஒரே பொருள் அதுதான்.

வித்துராவில் இறங்கியபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. சந்தைத் தெருவுக்குப் பின்னால் மலை கரேலென்று நின்றது. பொன்முடிக்கும் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டுக்கும் அந்த வழியாகத்தான் ஏற வேண்டும். எங்களுக்குக் கார்டு போட்ட கடை தெருவின் கடைசியில், மலைப்பக்கத்து ஓரத்தில் இருந்தது. அதற்கு அப்பால் கடையே கிடையாது. வாசலில் எஸ்டேட் லாரி ஒன்று அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது. கடைக்காரர் காதில் பென்சில் செருகிய தடித்த மலையாளி.

அப்பா பெயரைச் சொன்னதும் அவர் எழுந்தே வந்தார். "வரணும் வரணும். புளி எவிடெ?"

அப்பா கயிற்றை அவிழ்த்து, மிளகாய்ச் சாக்கின் மேல் சுருளை விரித்து, ஒரு திருப்புளியை உருவி நீட்டினார். "இதுதான் எங்க பேச்சுல திருப்புளி. தப்பு எங்க பேர்ல. மாப்பு சொல்லத்தான் வந்தேன்."

கடைக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் எங்கள் கார்டை எடுத்து வந்து அதையும் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஸ்பேனரும் குறடும் எனிக்கு எதுக்குன்னு விட்டு. திருன்னு கண்டப்போ திருநெல்வேலின்னு நெனச்சு. திருநெல்வேலிப் புளி, சுருக்கி எழுதினதாக்கும்னு. மேல எஸ்டேட்டுல எல்லாம் உங்க ஆளுகளாணு. எந்நாளும் கேக்கும், எங்க நாட்டுக் கறுத்த புளி உண்டோ, நாட்டுப் புளி உண்டோன்னு. இங்கத்தெ குடம்புளி குடுத்தா மூஞ்சி சுளிக்கும். அதான் ஆறு தினுசுன்னதும் சந்தோசமாயி."

அப்போது உள்ளே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்த ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். காக்கிச் சட்டை, விரல் நகமெல்லாம் கறுப்பு. போனக்காட்டுத் தேயிலைப் பேக்டரியில் மிஷின் பழுதுபார்க்கிற பிட்டர், தமிழர். லாரியோடு கீழே இறங்கி வந்தவர். அவர் சுருளைப் பார்த்தார். சட்டைப்பையில் கையை விட்டு ஒரு போல்ட்டை எடுத்தார். அதிலிருந்த நட்டின் மூலைகள் மழுங்கத் தொடங்கியிருந்தன. அரை என்று கொத்திய வட்ட ஸ்பேனரை, நம்பரைக்கூடப் பார்க்காமல், உருவி அதில் வைத்தார். தெருக்குழாயில் நான் கேட்ட அதே சத்தம். அச்சாக உட்கார்ந்தது.

"இது எங்கய்யா கெடந்துது இம்புட்டு நாளா?" என்றார் பிட்டர். "தேஞ்சுபோன ஸ்பேனர வச்சு நட்டெல்லாம் உருண்டையாயிட்டு வருது. உளியால அடிச்சுக் கழட்டுதேன். வாங்கணும்னா எங்க போக?"

அப்பா பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். மாசக்கணக்காக வயிற்றுக்குள் கிடந்த கேள்வி.

"அதுல அரைன்னு போட்டிருக்கு. ஆனா வாய அளந்தா ஒரு இஞ்சு வரப்போகுது. ஏன் அப்படி?"

பிட்டர் குனிந்து என்னைப் பார்த்தார். "நீ அளந்தியா? இங்க வா." போல்ட்டின் உடம்பை என் விரலில் பிடிக்கவைத்தார். "அரைங்கிறது இந்தத் தண்டோட கனம். இங்கிலீஷ்காரன் போல்ட்ட அளந்து நம்பர் போடுவான். அமெரிக்காக்காரன் ஸ்பேனர் வாய அளந்து போடுவான். ரெண்டும் அரைதான், ஒண்ணுக்கொண்ணு சேராது. எங்க பேக்டரி மிஷினு பூரா அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் கொண்டாந்து வச்சது."

"அப்ப மேசிரியோட லாரி?"

"பட்டாளத்து லாரியா? அது அமெரிக்கா. அதுல இத வச்சா ஆடத்தான் செய்யும்."

"பன்னெண்டு மூல எதுக்கு?"

"மிஷினுக்கு அடியில கைய நீட்டி முழுசாத் திருப்ப எடம் இருக்காது தாயி. கொஞ்சம் திருப்பி, எடுத்து, மறுபடி வைக்கணும். மூல கூட இருந்தா சீக்கிரம் உக்காரும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். மாசி மாசத்திலிருந்து அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. கள்ளச் சாமான் இல்லை. அவர் கள்ளச் சாமான் விற்கிற ஆள் இல்லை. அவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மேலே நாலைந்து எஸ்டேட் இருக்கிறது, எல்லாவற்றிலும் இதே மாதிரி மிஷின்தான், பிட்டர்கள் எல்லாரும் சாமானுக்கு இறங்கி வருவது இந்தக் கடைக்குத்தான் என்றார் பிட்டர். கடைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அரிசி மூட்டைக்கு மேலே உத்தரத்தில் ஒரு கம்பியைக் காட்டி, இங்கே தொங்கவிட்டால் மதியோ, போதுமா என்றார். அங்கேயே, அப்போதே, திருவிதாங்கூர்ப் பக்கத்தின் முதல் டீலர் ஆனார்.

"அப்போ எனிக்குப் புளி இல்லையோ?" என்று உடனே கேட்டார். அப்பா சிரித்துவிட்டார். சாலையில் தெரிந்த மண்டிக்காரர் மூலமாகத் திருநெல்வேலிப் புளியும் ஏற்றிவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

ஆர்டர் எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. கடைக்காரரின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து மலையாளத்தில் எழுதினேன். ஸ்பேனர் எழுதினேன், குறடு எழுதினேன். அடுத்தது அந்தக் கூட்டெழுத்து. பேனா நின்றுவிட்டது.

"இனி எங்களுக்கும் அது திருப்புளிதான். அப்படியே எழுதினா மதி" என்று கடைக்காரர் சிரித்தார்.

எழுதினேன். உருட்டி உருட்டி எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான், நாங்கள் அனுப்பிய கார்டு அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே கிடப்பதைப் பார்த்தேன். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். கார்டைப் பார்த்தார். நான் எழுதிய தாளைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் கேட்டு அந்தக் கார்டை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குக் காது ரெண்டும் சுட்டது.

பிறகு நடந்ததை நீட்டப்போவதில்லை. அப்பா இரும்புக்கடைகளை விட்டுவிட்டார். எங்கெல்லாம் ஒரு சாலை மலைக்கு ஏறுகிறதோ, அதன் அடிவாரத்தில் கடைசியாக இருக்கிற பலசரக்குக் கடை எது என்று விசாரித்துப் போனார். சித்திரை பிறப்பதற்குள் நாலு ஆயிற்று. அந்தப் பச்சைச் சுருள் அப்பாவோடு ரொம்ப வருஷம் அலைந்து, எங்கேயோ ஒரு பஸ்ஸில் நின்றுவிட்டது. என் சிலேட்டுப் பையில் கிடந்த சின்ன ஸ்பேனரை வீடு மாறும்போது நான் தொலைத்தேன். இன்றைக்கும் எங்காவது பழைய குழாயைப் பார்த்தால் அதன் நட்டின் மேல்தான் என் கண் போகிறது.

நான் உங்களிடம் சொல்ல வந்தது அன்று திரும்பி வந்ததைத்தான். பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தார். நெடுமங்காடு வரைக்கும் நான் புளியைச் சப்பவேயில்லை. குமட்டல் எல்லாம் பயத்தில் ஓடிப்போயிருந்தது. அப்புறம் அவர் கார்டை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க அம்மைக்கு நல்ல உருண்ட கையெழுத்து, இல்லையா?" என்றார்.

அம்மாவின் கையெழுத்து சாய்ந்து ஓடுகிற கையெழுத்து. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஆமாப்பா" என்றேன்.

"கூட்டெழுத்துதான் வரமாட்டேங்குது போலிருக்கு. வீட்டுக்குப் போனதும் உங்க அம்மைகிட்டச் சொல்லு. அடுத்த வருசம் ஆறாங்கிளாஸ்ல அத ஒழுங்காப் படிச்சுக்கிடணும்னு."

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுக்களைக்குப் போனேன். அப்பா கூடத்தில் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். என் முகத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு கூடத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சரி, படிச்சுக்கிடுதேன்னு சொல்லு."